கிராம் மாஸ்டர் வீட்டுத் தராசு

தராசு ரிப்பேர் பண்ணுகிறவர் வீட்டுக்குக் கடையிலிருந்து புதுத் தராசு வந்து இறங்கினால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? தெருவே சிரித்தது. எதிர்வரிசை வெங்காய மண்டிக்காரர் வேலை மெனக்கெட்டு ரோட்டைத் தாண்டி வந்து, "என்ன மாஸ்டர், உங்களுக்கே தராசு விக்கிற அளவுக்கு எவனுக்கு வாய் இருக்கு?" என்று கேட்டார்.

மாஸ்டர் சிரிக்கவில்லை. சிரித்தால் ஆபரேஷன் பண்ணின நெஞ்சு எலும்பு வலிக்கும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, வந்தது அவர் மதிக்கிற ரகமே இல்லை. ஆள் ஏறி நின்று பார்க்கிற, ரோஸ் கலர் அடித்த, கண்ணாடிக்குள் முள் ஓடுகிற வீட்டுத் தராசு. மகள் வாங்கி வந்தது. "இது தராசு இல்ல பாப்பா, பொம்மை" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பொம்மையோ என்னவோ, ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். காலையில் எழுந்து ஒன்றுக்குப் போய்விட்டு வந்ததும், ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஏறி நிற்க வேண்டும். தினமும் அதே லுங்கி, அதே பனியன். எடையை நோட்டில் எழுத வேண்டும். டாக்டர் மாஸ்டரை விட்டுவிட்டு அவர் சம்சாரத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

"ரெண்டு நாள்ல ஒரு கிலோவுக்கு மேல ஏறிச்சுன்னா அது சதை இல்லம்மா, தண்ணி. இதயம் இன்னும் முழுசா இறைக்க ஆரம்பிக்கல. தேங்கின தண்ணி நுரையீரலுக்குத்தான் போகும். உடனே கூட்டிட்டு வந்துடணும். நாளைக்குப் பார்த்துக்கலாம், நாளன்னிக்குப் பார்த்துக்கலாம்னு இருந்தீங்கன்னா அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல."

அந்த வார்த்தையைத் தெருவில் மாஸ்டரம்மா என்று கூப்பிடப்படும் அந்தப் பெண்மணி அப்படியே பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்த முதல் நாள் ஐம்பத்தெட்டு கிலோ. அந்த ஐம்பத்தெட்டுதான் இனி அவள் உயிர்.

கிராம் மாஸ்டர் என்ற பேர் அவருக்குச் சும்மா வரவில்லை. முப்பத்தோரு வருஷமாக அந்த முன்னறையில்தான் கடை. தொங்கு தராசு, மேடைத் தராசு, தட்டுத் தராசு, எது வந்தாலும் பிரித்து, துடைத்து, தண்டைத் தாங்குகிற கத்திமுனையைத் தீட்டி, ஸ்பிரிங்கை மாற்றி, எடைக்கல்லை ஏற்றிப் பார்த்து, ஒரு கிராம் பிசகினாலும் திரும்பப் பிரிப்பார். இரண்டு கோட்டுக்கு நடுவில் முள் நின்றால் அது எத்தனை கிராம் என்று வெறும் கண்ணாலேயே சொல்லுவார். கடையில் பாதி அவள். இருபது கிலோ எடைக்கல்லைத் தூக்கி வைப்பது, இறக்குவது, துருப்பிடிக்காமல் துடைத்து வைப்பதெல்லாம் அவள் வேலை. கல்யாணமான புதிதில் ஒரு கல்லைத் தூக்கவே மூச்சு வாங்கியவள், இப்போது பேசிக்கொண்டே தூக்குவாள்.

ஒரு தடவை பழைய இரும்புக்கடைக்காரர் வந்து கதவைப் பாதி சாத்திவிட்டுக் குசுகுசுவென்று ஒரு வேலை கேட்டார். "மாஸ்டர், சைபர்ல சைபரே காட்டணும். யாராவது வெறும் தராசைப் பார்த்தா குத்தம் சொல்லக் கூடாது. மேல ஏத்த ஏத்த மட்டும் கொஞ்சம் குறைச்சுக் காட்டணும்." மாஸ்டர் அவர் கொண்டுவந்த தராசின் தட்டை எடுத்து நடுரோட்டில் எறிந்தார். அது உருண்டு போய் வெங்காய மண்டி வாசலில் சுழன்று விழுந்தது. அன்றைக்குத்தான் கிராம் என்ற பேர் நிலைத்தது.

அப்படிப்பட்ட வீட்டில் முள் சொன்னால் சொன்னதுதான். மகள் சின்னப் பெண்ணாக இருந்தபோது, "எனக்கு மட்டும் சின்னத் துண்டு" என்று கேக்குக்காக அழுதால், அப்பா எடுத்து நிறுத்திக் காட்டுவார். முள் சரியாக நின்றால் அழுகையை நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

ஆபரேஷன் நல்லபடியாகத்தான் முடிந்தது. நெஞ்சைப் பிளந்து, காலிலிருந்து நரம்பை உருவி, மூன்று இடத்தில் ஒட்டுப் போட்டார்கள். ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தது. ஐந்தாம் நாள் மூச்சுத் திணறி, நுரையீரலில் தண்ணீர் என்று மறுபடியும் உள்ளே கொண்டுபோனார்கள். நாலு நாள் தொண்டையில் குழாய். அவளைக் கண்ணாடிக்கு வெளியே நிற்க வைத்துத்தான் காட்டினார்கள். அவர் வெளியே வந்தபோது பத்து வயது கூடியிருந்தது. அந்த நாலு நாளைப் பற்றி அவர் வாயைத் திறக்கவே இல்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் வேலையே ஆரம்பித்தது. ஆபரேஷன் பண்ணினவர்களுக்கு அஞ்சு மணி நேரம், இவளுக்கு நாள் முழுக்க. கையை ஊன்றி எழக் கூடாது. எலும்பைக் கம்பியால் தைத்திருக்கிறது, பிய்ந்துகொள்ளும். ஒருக்களித்து, காலைத் தொங்கவிட்டு, அவள் முதுகில் கை கொடுக்க, ஒரு வழியாக உட்கார வேண்டும். இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரும வேண்டும். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர்தான், அதையும் பாட்டிலில் அளந்து வைத்தாள். உப்பில்லாத சோறு. மூன்று பந்து போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் குழாயை வாயில் வைத்து மூச்சை இழுக்க வேண்டும்; பந்து மேலே எழும்ப வேண்டும். முதல் வாரத்தில் ஒன்று எழும்பியது. அப்புறம் இரண்டு.

கோபம் வேறு. சோற்றில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளுவார். பத்து நிமிஷம் கழித்து, அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுவார். "எதுக்குங்க அழறீங்க?" என்றால், "தெரியல" என்பார். ஆஸ்பத்திரியிலிருந்து திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் போன் பண்ணுகிற சிஸ்டரிடம் இதைச் சொன்னாள். "ஹார்ட் ஆபரேஷன் ஆனவங்க எல்லாம் கொஞ்ச நாள் அப்படித்தான்மா. எடை எப்படி இருக்கு?" என்றாள் சிஸ்டர்.

எடை நன்றாக இருந்தது. ஐம்பத்தெட்டு. ஐம்பத்தெட்டு நூறு. ஐம்பத்தேழு தொள்ளாயிரம். முள்ளின் மேல் குனிந்து அவள் படிப்பாள். அவர் மேலே நின்று நூறு கிராமைத் திருத்துவார்.

பதினோரு நாள் இப்படிப் போயிற்று. அதற்கப்புறம்தான் ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. அவர் படுக்கவில்லை. நாற்காலியில் தலையணை வைத்துச் சாய்ந்தே தூங்கினார். "படுத்தா எலும்பு இழுக்குது" என்றார். சரி, இழுக்கும்தானே என்று நினைத்தாள். வறட்டு இருமல் வந்தது. தூசி என்றார். பந்து இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்கியது. "இன்னிக்கு மனசில்ல" என்றார். செருப்பு நுழையவில்லை என்று வெறுங்காலோடு நடந்தார்.

ஒவ்வொரு ராத்திரியும் அவர் இருமலைக் கேட்டு எழுந்து உட்கார்ந்துகொள்வாள். ஒவ்வொரு நாளும் காலையில் முள் ஐம்பத்தெட்டுக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். உடனே அவள் சமாதானமாகிவிடுவாள். கண்ணெதிரே மனுஷன் வீங்கிக்கொண்டிருந்தார். அவள் கண்ணை நம்பவில்லை, முள்ளை நம்பினாள். வேறு எந்த வீட்டுப் பெண்ணாக இருந்தாலும், "தராசு கிடக்குது சனியன், வாங்க ஆஸ்பத்திரிக்கு" என்று இழுத்துப் போயிருப்பாள்.

அவளுக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது. அந்த நாட்களில்தான் அவர் மறுபடியும் கடை மேஜைக்கு முன்னால் உட்கார ஆரம்பித்தார். "கை சும்மா இருக்க மாட்டேங்குது. பழைய ஸ்பிரிங்கையெல்லாம் தரம் பிரிச்சு வைக்கிறேன். வெயிட்டு ஒண்ணும் தூக்கலை, பயப்படாதே" என்றார். சின்னச் சின்ன ஸ்பிரிங்குகளைக் காகிதத்தில் பரப்பி, ஒவ்வொன்றாக விரலால் இழுத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். மருந்துக் கடைக்குப் போய்விட்டு வந்த அவள் நிலைப்படியில் நின்று அதைப் பார்த்துக் கண் கலங்கினாள். வேலையில் மனசு போய்விட்டது, இனி மனுஷன் தேறிவிடுவார் என்று வெங்காய மண்டிக்காரரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

"தேறிட்டாரா? அப்ப எங்க மேடைத் தராசை எப்பப் பார்ப்பாரு? ஒரு மாசமா தலை ஆட்டிக்கிட்டே கிடக்கு" என்றார் அவர்.

"அண்ணே, மனுஷன் முதல்ல தலையை நேரா வைக்கட்டும். அப்புறம் உங்க தராசு."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் வந்தாள். கூரியர் ஆபீசில் வேலை. வாரத்தில் அந்த ஒரு நாள்தான் அவளுக்கு லீவு. அப்பாவுக்கு முகம் மழித்துவிட்டாள், தலை வாரிவிட்டாள். கையை மேலே தூக்க முடியாத அப்பா நாற்காலியில் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தார். ஒரு வாக்கியம் பேச இரண்டு தடவை மூச்சு வாங்கினார்.

"என்னப்பா, இப்படி மூச்சு இளைக்குது உங்களுக்கு?"

"பேச வைக்காதே பாப்பா."

"அம்மா, எடை பார்த்தியா இன்னிக்கு?"

"பார்த்தேன்டி. அம்பத்தெட்டு இருநூறு. ஒன்பது நாளா முள் அம்பத்தெட்டை விட்டு அசையல."

மகள் சீப்பைக் கழுவ உள்ளே போனவள், சுவரோரமாகக் கிடந்த ரோஸ் தராசின் மேல் சும்மா ஏறி நின்றாள். பிறகு ஒரு சத்தம். "அம்மா! இங்க வாயேன்! அஞ்சு கிலோ குறைஞ்சிட்டேன்!"

"எங்க குறைஞ்சே? தாடையில ஒண்ணும் தெரியலையே."

"போம்மா. போன மாசம் ஆபீஸ்ல டெஸ்ட் எடுத்தப்ப அறுபத்தொண்ணு. இப்பப் பாரு, அம்பத்தாறு. நான் தினமும் மாடிப்படி ஏறறேன்ல, அதான். நீதான் நம்ப மாட்டேங்கிறே."

அவள் சிரித்தாள். மகளின் இடுப்பைக் கிள்ளினாள். கிள்ளிய கையில் சதை பழையபடியே கனமாக வந்தது. அவளுக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. இந்த ஒரு மாதமாக அப்பா கவலையில் வெளிச்சாப்பாடு சாப்பிட்டுச் சாப்பிட்டுப் பாவாடை நாடா பத்தவில்லை என்று இதே மகள் போன வாரம்தான் புலம்பினாள்.

"அம்மா, ஏன் ஒரு மாதிரி ஆயிட்டே?"

"ஒண்ணுமில்ல. நீ போய் வாரத்துக்குக் காய் வாங்கிட்டு வந்துடு. வெயில் ஏறிடும். போனைக் கையிலேயே வச்சுக்கோ."

மகள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மாஸ்டர் நடு அறையில் நாற்காலியில் கண்ணை மூடியிருந்தார். அவள் தராசைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். தரை சமமாக இருக்கிற இடம் எது என்று அவளுக்குத் தெரியும். அங்கே வைத்தாள். முள் சைபரில் நின்றது, ஒரு மயிரிழை பிசகவில்லை.

சைபரைப் பார்த்து எவனும் தராசை நம்பக் கூடாது என்பது அந்தக் கடையின் முதல் பாடம்.

மூலையில் கோணியைப் போட்டு மூடியிருந்த எடைக்கற்களில் ஒன்றை இழுத்தாள். கைப்பிடி வைத்த இருபது கிலோ இரும்பு. ஒரு மாதமாகத் தூக்காத உடம்பு, முதுகில் சுருக்கென்றது. தூக்கி வைத்தாள். முள் ஓடிப் போய்ப் பதினெட்டரைக்குக் கிட்டே நின்றது. இரண்டாவதைப் பக்கத்தில் வைத்தாள். முப்பத்தேழைத் தொடவில்லை. மூன்றாவதை இரண்டின் மேலும் ஏற்றுவதற்காக மார்போடு அணைத்துத் தூக்கியபோது நிலைப்படியில் ஆள் நிற்பது தெரிந்தது. இரும்பு இரும்போடு இடிக்கிற சத்தத்தைக் கேட்டால் அவருக்குத் தூக்கத்தில்கூட விழிப்பு வந்துவிடும்.

"ஏம்மா, முதுகு போயிடும். விடு" என்றார் மாஸ்டர். பத்தடி நடந்ததற்கே தோள் ஏறி இறங்கியது.

"எது போனாலும் போகட்டும்." அவள் மூன்றாவதையும் ஏற்றினாள். "முள் என்ன சொல்லுதுன்னு பாருங்க."

அவர் சுவரில் தொங்கிய தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாருங்கங்க. உங்களுக்குத்தான் கண்ணாலேயே கிராம் தெரியுமே."

"அம்பத்தஞ்சு நூறு" என்றார் அவர், அந்தப் பக்கம் திரும்பாமலே.

அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "மூணு இருபது எவ்வளவுங்க?"

அவர் தெருக்கதவைப் பார்த்தார்.

"ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை சொல்லும். மூணு இருபது எவ்வளவு?"

"கத்தாதே. தெருவுல போறவன் கேட்பான்."

"கேட்கட்டும்! கிராம் மாஸ்டர் கடையில அறுபது கிலோவுக்கு அம்பத்தஞ்சு காட்டுதுன்னு ஊரெல்லாம் கேட்கட்டும்! அந்த இரும்புக்கடைக்காரன் தட்டைத் தூக்கி ரோட்டுல எறிஞ்சீங்களே, அவனாவது ஊரை ஏமாத்தக் கேட்டான். நீங்க யாரை ஏமாத்தினீங்க? என்னையா? உங்க உடம்பையா?" அவள் மூச்சு விடாமல் பேசினாள். "திங்கக்கிழமை சிஸ்டர்கிட்ட என் வாயால சொன்னேன், அம்பத்தெட்டு முந்நூறுன்னு. வியாழக்கிழமையும் சொன்னேன். 'சூப்பரா பார்த்துக்கிறீங்கம்மா'ன்னாங்க. பூரிச்சுப் போய் நின்னேனே, பாவி. அன்னிக்கே கூட்டிட்டுப் போயிருந்தா ஒரு ஊசியோட போயிருக்குமே!"

மாஸ்டர் மெதுவாக வந்து முக்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகும் ஓடி வந்தவர் மாதிரிதான் மூச்சு விட்டார். கணுக்கால் எலும்பு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. இத்தனை நாள் இந்தக் காலை எப்படிப் பார்க்காமல் இருந்தோம் என்று அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

"என்ன பண்ணினீங்க இதுக்குள்ள?"

"பெரிய ஸ்பிரிங்குக்குத் துணையா ஒரு சின்ன ஸ்பிரிங். எடை ஏற ஏற… மூணு தடவை மாத்தினேன். நீ மருந்து வாங்கப் போறப்ப."

"ஏங்க?"

தெருவில் யாரோ தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அது தாண்டிப் போகும்வரை அவர் காத்திருந்துவிட்டுச் சொன்னார்.

"கையைக் கட்டிப் போட்டாங்க."

"யாரு?"

"அங்கதான். உள்ள. குழாயைப் பிடுங்கிடுவேன்னு ரெண்டு கையையும் கட்டிலோட கட்டிட்டாங்க. கத்தலாம்னா குரல் இல்ல, தொண்டை பூரா குழாய். பகலா ராத்திரியான்னு தெரியாது. மூக்கு அரிக்குது, சொறிய முடியல. சொறியச் சொல்லவும் முடியல. ஒரு நர்சம்மா ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கிட்டே என்னைத் தாண்டித் தாண்டிப் போகுது. செத்துட்டோம்னுதான் நினைச்சேன். செத்தவனுக்கு எதுக்கு மூக்கு அரிக்குதுன்னு நானே கேட்டுக்கிட்டேன்." அவர் சிரிக்கப் பார்த்தார். அது இருமலாகிவிட்டது. அவள் ஓடிப்போய்த் தலையணையை எடுத்து வந்து அவர் நெஞ்சில் அழுத்திப் பிடித்தாள். இருமல் அடங்கும்வரை இரண்டு பேரும் அந்தத் தலையணையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நீ கண்ணாடிக்கு வெளிய நின்னு கையை ஆட்டினே" என்றார். "பதிலுக்கு நான் ஆட்டலைன்னு நினைச்சிருப்பே."

அவள் அப்படித்தான் நினைத்திருந்தாள். மயக்கத்தில் இருக்கிறார், தெரியவில்லை என்று.

"மறுபடி அங்க போக மாட்டேன். என்ன ஆனாலும் சரி. போறதா இருந்தா இங்கயே, உன் மடியிலயே போறேன்."

"என் மடி என்ன சுடுகாடா?"

அவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். அந்த வாயை அவளுக்குத் தெரியும். அவர் அப்படி மூடினால் சுத்தியலால் தட்டினாலும் திறக்காது. அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டு நாலு பேராகத் தூக்கலாம். திமிறினால் நெஞ்சுக் கம்பி பிய்ந்துவிடும். கெஞ்சலாம், இன்னும் ஒரு மணி நேரம் போகும். நாளைக்குப் பார்த்துக்கலாம்னு இருந்தீங்கன்னா என்று டாக்டர் சொன்னது காதுக்குள் அடித்துக்கொண்டே இருந்தது. கதவைத் திறந்துகொண்டு தெருவில் நின்று கத்த வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

அவள் கத்தவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கற்களை ஒவ்வொன்றாக இறக்கினாள். தராசைத் தூக்கி அவர் முன்னால் மேஜைமேல் வைத்தாள்.

"சரி. போக வேண்டாம். ஆனா தப்புத் தராசு இந்தக் கடையில ஒரு நிமிஷம் இருக்கக் கூடாது. சட்டம் போட்டது நீங்க. சரி பண்ணுங்க."

"எதுக்கு இப்ப?"

"சரி பண்ணுங்கங்க. இல்லைன்னா மண்டிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுவேன். சத்தியமா காட்டுவேன்."

அவர் அவளை முறைத்தார். பிறகு தராசைப் பார்த்தார். கை தானாக ஸ்குரூடிரைவரைத் தேடிப் போனது.

மேல்மூடியைக் கழற்ற அவள் பிடித்துக்கொண்டாள். உள்ளே தகட்டுக்குக் கீழே, பெரிய ஸ்பிரிங்குக்குப் பக்கத்தில், பளபளவென்று துடைத்து மாட்டிய சின்ன ஸ்பிரிங் இருந்தது. தப்பு வேலையைக்கூடச் சுத்தமாகத்தான் செய்திருந்தார். குறட்டால் கொக்கியைப் பிடித்தார். இரண்டு தடவை நழுவியது. "நான் எடுக்கட்டுமா?" என்றாள். "உனக்குத் தெரியாது" என்றார். மூன்றாம் தடவை எடுத்தார். உதடு நீலமாக இருப்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள். மேஜைக்குக் கீழே மறைவாகப் போனை எடுத்து, மகளுக்கு "ஆட்டோவோட வா" என்று ஒற்றை விரலால் தட்டி அனுப்பினாள்.

மூடியை மாட்டினார். சைபரைத் திருகி நிறுத்தினார். "கீழ வை. ஏத்து" என்றார்.

ஏற்றினாள். ஒன்று. இரண்டு. அவர் குனிய முடியாமல் முக்காலியில் இருந்தபடியே கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "அந்தக் கல்லைக் கொஞ்சம் உள்ள தள்ளு. ஓரம் இடிக்குது." தள்ளினாள். மூன்றாவதையும் வைத்தாள். முள் ஆடி ஆடி நின்றது.

"அறுபது" என்றார் மாஸ்டர். ஒன்பது நாளில் முதல் தடவையாக அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. "பொம்மைன்னாலும் சரியாத்தான் பண்ணியிருக்கான்."

அவள் கற்களை இறக்கினாள். முதுகை நிமிர்த்தினாள். "இப்ப நீங்க ஏறுங்க."

"வேண்டாம்."

"நீங்க சரி பண்ணின தராசு. நீங்க பார்த்த அறுபது. ஏறுங்க."

அவள் கை கொடுத்தாள். அவர் எழுந்தார். வீங்கிய பாதங்கள் ஒவ்வொன்றாகத் தகட்டில் ஏறின. முள் ஐம்பத்தெட்டைத் தாண்டியது, அறுபதைத் தாண்டியது. அவள் வேண்டுமென்றே முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டாள்.

"நான் படிக்க மாட்டேன்" என்றாள். "நீங்களே சொல்லுங்க."

டாக்டர் சொன்னால் தகராறு பண்ணுவார். பெண்டாட்டி சொன்னால் வாயை மூடிக்கொள்வார். தன் கையால் சரிபார்த்த முள்ளிடம் அவர் இந்த முப்பத்தோரு வருஷத்தில் ஒரு தடவைகூட எதிர்த்துப் பேசியதில்லை. இன்றைக்குப் பேசிவிட்டால்?

"அறுபத்து மூணு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நானூறு" என்றார்.

இறங்கினார். முக்காலியில் உட்கார்ந்தார். கையை நீட்டினார். "போனைக் கொடு."

"யாருக்கு?"

"அந்த சிஸ்டருக்குப் போடு. நீ பேசாதே. பொய் சொன்னது நான்."

மணி ரொம்ப நேரம் அடித்தது. சிஸ்டர் எடுத்தாள்.

"சிஸ்டர், நான் பேஷண்ட்டே பேசறேன். எங்க வீட்டம்மா சொன்ன எடையெல்லாம் தப்பு. அவங்க மேல குத்தமில்ல. நான் தராசைக் கெடுத்து வச்சிருந்தேன்." மூச்சு வாங்கினார். "ஆமாம்மா, நான்தான். நான் தராசு மெக்கானிக். இப்ப அறுபத்து மூணு நானூறு."

அந்தப் பக்கத்திலிருந்து சிஸ்டர் உரக்க ஏதோ கேட்டாள். எப்போதிலிருந்து, எவ்வளவு ஏறியது, தெரியுமா என்று கேட்டிருக்க வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"எழுதிக்கங்க. போன வெள்ளிக்கு முந்தின வெள்ளி சாயங்காலம் அம்பத்தொன்பது எழுநூறு. சனி அம்பத்தொன்பது தொள்ளாயிரம். ஞாயிறு அறுபது இருநூறு. திங்கள் அறுபது நானூறு. செவ்வாய் அறுபது தொள்ளாயிரம். புதன் அறுபத்தொண்ணு முந்நூறு…"

அவள் அசையாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு நாள் விடவில்லை, ஒரு கிராம் தடுமாறவில்லை. அவள் பொய் எடையை நோட்டில் எழுதிச் சந்தோஷப்பட்ட ஒவ்வொரு காலையிலும், இந்த மனுஷன் மேலே நின்று உண்மையான எடையைத் தனக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு இறங்கியிருக்கிறார். அவளுக்குக் கோபமெல்லாம் வடிந்துபோனது.

"வர்றோம்மா. இப்பவே கிளம்பறோம்" என்றார் போனில். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணே ஒண்ணு சிஸ்டர். கையை மட்டும் கட்ட வேண்டாம்னு சொல்லிடுங்க. நான் எதையும் பிடுங்க மாட்டேன்."

சிஸ்டர் என்ன சொன்னாள் என்று அவளுக்குக் கேட்கவில்லை. அவர் இரண்டு தடவை தலையாட்டிவிட்டுப் போனை மடியில் வைத்துக்கொண்டார். வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மகள் பையும் காயுமாகக் குதித்து இறங்கி, "என்னம்மா ஆச்சு?" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தாள்.

"சரியான எடை அத்தனை நாளும் தெரிஞ்சேதான் இருந்திருக்கு உங்களுக்கு" என்றாள் அவள். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லங்க?"

"சொன்னா நீ கூட்டிட்டுப் போயிடுவே."

"ஆமா" என்றாள் அவள், அவர் கக்கத்தில் கை கொடுத்தபடி. "கூட்டிட்டுத்தான் போவேன். எந்திரிங்க."